கன்னத்தின் உட்புறம்

ஆய்வகத்தில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. சம்பளச் சீட்டில் அச்சாகும் பெயர் அல்ல. அதைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டு வெகு நாளாகிறது. எச்சிலக்கா. சந்தேகப்படுகிறவர், சாட்சி, செத்தவரின் சொந்தக்காரர் என்று யார் வந்தாலும் "ஆ காட்டுங்க" என்று சொல்லி, பஞ்சு சுற்றிய குச்சியைக் கன்னத்தின் உட்புறம் பத்துத் தடவை உருட்டி எடுப்பது அவள் வேலை. பதினேழு வருடங்களாக மனித இனத்தின் வாயைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறாள். முகத்தைவிட வாய் யோக்கியமானது என்பது அவள் கட்சி. "சொத்தைப் பல்லுக்கு யாரும் பவுடர் பூச முடியாதே."

வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஒருமுறை நடந்து, ஒருமுறை முடிந்திருந்தது. இரண்டுக்கும் துணைக்கு வந்தவர் அப்பாதான், இரண்டுக்கும் அதே சட்டைதான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பிள்ளை இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. அம்மா போய்ப் பதினொரு வருடம். இப்போது வீட்டில் அவளும் எழுபத்து நாலு வயது அப்பாவும் ஒரு பழைய ஃப்ரிட்ஜும். மூவரில் அதிகம் முனகுவது ஃப்ரிட்ஜ்.

அந்தத் திங்கட்கிழமை அவள் மேசைக்கு வந்தது இருபத்தேழு வருடப் பழைய வழக்கு. மருத்துவமனைக் குடியிருப்பில் ஒற்றை அறையில் தங்கியிருந்த நர்ஸ், இருபத்து மூன்று வயது, கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டிருந்தாள். சாகும்முன் கொன்றவனைப் பிறாண்டியிருக்கிறாள். நகத்தடியில் இருந்ததை அந்தக் காலத்து ஆட்கள் ஒரு காகித உறையில் போட்டு ஒட்டி வைத்தார்கள். அன்றைய இயந்திரத்துக்கு அது கால் வயிற்றுக்குக்கூடப் போதவில்லை. புதிதாக வந்திருக்கும் இயந்திரத்துக்குத் தூசி போதும்.

மரபணு முடிவு இருபது வரிசைகளாக வரும். வரிசைக்கு இரண்டு எண்கள். ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. எந்த முடிவு வந்தாலும் முதல் காரியம், அதை ஊழியர் பட்டியலோடு ஒப்பிடுவது. வேலை செய்கிறவர்கள் தும்மியிருக்கலாம், முழங்கையைச் சொறிந்திருக்கலாம். கொலைகாரன் என்று பிடித்துப் பார்த்தால் அது நம் ஆளாக இருந்து மானம் போகக்கூடாது அல்லவா. அதற்காக எல்லா ஊழியரும் எச்சில் கொடுத்திருந்தார்கள். படிவத்தில் ஒரு வரி உண்டு: மாசு கண்டறிய மட்டும், வேறெதற்கும் பயன்படுத்தப்படாது. படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களில் எச்சிலக்காவும் ஒருத்தி.

திரையில் பச்சை வந்தது. நம் ஆள் இல்லை. வேறு யாராக இருந்தாலும் அடுத்த உறையை எடுத்திருப்பார்கள்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. காலையில் இயந்திரத்தை ஓடவிடும்போது, முன்பே விடை தெரிந்த ஒரு மாதிரியைப் போட்டு அது சரியாகப் படிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கென்று விலை கொடுத்து வாங்கிய குப்பி இருக்கிறது. அதைத் திறக்க மூன்று கையெழுத்து வேண்டும் என்பதால் எச்சிலக்கா தன் எச்சிலையே போட்டுவிடுவாள். இப்படிப் பல வருடங்கள். கைபேசி எண்ணைக் கேட்டால் யோசிப்பாள்; தன் இருபது வரிசையை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

கொலைகாரனின் முதல் வரிசையில் ஓர் எண் அவளுடையது. 'அட' என்று நினைத்தாள். இரண்டாவதிலும் ஒன்று. மூன்றாவதில், நான்காவதில். பத்தாவது வரிசையிலிருந்து பேனாவை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினாள். இருபதிலும் ஒன்று, ஒன்று, ஒன்று. ஒரு வரிசைகூடப் பிசகவில்லை.

ஒன்றுகூடப் பிசகாமல் வருவது பெற்றவருக்கும் பிள்ளைக்கும் இடையில்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை.

பச்சை விளக்கு மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

*

அன்று சாயங்காலம் அப்பா சமையலறைத் தரையில் உட்கார்ந்து அடுத்த வீட்டுக் கேஸ் அடுப்பைப் பிரித்துப் போட்டிருந்தார். அடுப்பு பழுது பார்ப்பது அவர் தொழில். ஓய்வு பெற்றுவிட்டார், அடுப்புகள்தான் அவரை விடவில்லை. அவள் வாசல் நிலையில் சாய்ந்து அவர் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டை விரல்கள் இரண்டும் பர்னரை அழுத்தித் திருகின. பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன பாப்பா, பேயடிச்ச மாதிரி நிக்கற?"

நாற்பத்தொரு வயதிலும் அவள் பாப்பாதான்.

"ஒண்ணுமில்லப்பா. நீங்க முன்னாடி எந்தெந்தப் பக்கம் ரிப்பேருக்குப் போவீங்க?"

"எங்க போகல? அடுப்பு எரியற இடமெல்லாம் போனேன்."

"ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்?"

"போயிருக்கேனே. பாவம், அந்த நர்ஸ் பொண்ணுங்க. பர்னர்ல பால் பொங்கி வழிஞ்சு அடைச்சுக்கும். பாதி நாள் நான் காசே வாங்கறதில்ல." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "ஏன், இப்ப திடீர்னு?"

"சும்மாதான்."

சும்மா என்ற சொல்லை அந்த வாரம் அவள் நிறையச் செலவழித்தாள். அவர் குளித்துவிட்டு வரும்போது முதுகில், கழுத்தில் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது, சின்ன வயதில் அவளே பென்சிலால் குத்தியது. அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது, இந்தக் கை அந்தக் கழுத்தை, என்று ஆரம்பித்து வாக்கியத்தை முடிக்காமல் விட்டாள். அறைக் கதவை உள்ளிருந்து தாழ்ப்பாள் போடலாமா என்று கை போனது. போட்டால் அவருக்குச் சத்தம் கேட்கும். போடாமல் படுத்து, அவர் இருமுவதைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். சின்ன வயதில் அந்த இருமல் கேட்டால்தான் தூக்கம் வரும்.

வியாழக்கிழமை பஞ்சுக் குச்சியோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, புது மெஷின் வந்துருக்கு. வயசானவங்க சாம்பிள் கொஞ்சம் போட்டுப் பாக்கணும்னாங்க. ஆ காட்டுங்க."

பொய் சொல்லி எடுத்த மாதிரியை அவள் ஆய்வகத்தில் குப்பையில் போடச் சொல்லுவார்கள். அவளே பல போலீஸ்காரர்களிடம் இதைச் சொல்லி முகத்தில் அடித்ததுபோல் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

அப்பா குச்சியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வழக்கமாக ஒரு கிண்டல் வரும். அன்று கொஞ்சம் தாமதமாக வந்தது.

"என் எச்சிலுக்கும் மவுசு வந்துருச்சா?"

கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். பத்துத் தடவை உருட்டினாள். எண்ணிக்கை மறந்து பதின்மூன்று ஆகிவிட்டது.

*

மறு புதன்கிழமை முடிவு வந்தது. 'சோதனை இரண்டு' என்று பெயர் கொடுத்திருந்தாள். பதினேழு வருட நேர்மையில் முதல் ஓட்டை. நர்ஸின் நகத்தடியில் இருந்த எண்களையும் அப்பாவின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதல் வரிசையிலேயே பொருந்தவில்லை. ஐந்தாவதில் இல்லை. ஏழில் இல்லை.

அவர் இல்லை.

கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் சிரித்தாள், அழுதாள். எது எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. அப்பா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், காரணம் சொல்லாமல் எப்படி விழுவது, தடுக்கி விழுந்ததாகச் சொல்லிக்கொள்ளலாமா என்றெல்லாம் யோசித்து மூக்கைச் சிந்தினாள். கையைத் துடைக்கும்போதுதான் தோன்றியது.

அவர் இல்லை என்றால் அந்த இருபது?

ஓடி வந்து மூன்றாவதாகத் தன் எண்களை எடுத்து வைத்தாள். அப்பாவுக்கும் அவளுக்கும் முதல் வரிசையில் ஒன்றும் ஒத்துவரவில்லை. ஐந்தாவதிலும் ஏழிலும் இல்லை. மொத்தம் ஒன்பது வரிசைகளில் இல்லை. குப்பியை மாற்றிவிட்டோம் என்று நினைத்து மறுபடி ஓட்டினாள். இயந்திரம் பொறுமைசாலி. அதே ஒன்பதை மறுபடி சொன்னது.

தன் அப்பா கொலைகாரரா என்று பார்க்கப் போய், அவர் கொலைகாரர் இல்லை, அப்பாவும் இல்லை என்று கண்டுபிடித்திருந்தாள். கொலை செய்தவன் எவனோ, அவன் எச்சில்தான் அவள் வாயில் ஊறிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து எத்தனை தடவை விழுங்கியிருப்பாள்.

யாருக்கும் தெரியாது. திரையில் பச்சைதான். உறையை ஒட்டி, 'பொருத்தம் இல்லை' என்று எழுதி அலமாரியில் வைத்தால் இன்னும் இருபத்தேழு வருடம் அது அங்கேயே இருக்கும். பேனாவைத் திறந்தும் விட்டாள். அப்போது தொலைபேசி அடித்தது. நர்ஸின் தம்பி. மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார். அக்கா செத்தபோது அவருக்குப் பதினெட்டு வயது.

"மேடம், நான்தான். தொந்தரவா?"

"இல்லங்க, சொல்லுங்க."

"எங்கம்மா போன மாசம் தவறிட்டாங்க. அதான் போன மாசம் கூப்பிடல. நீங்க கேஸ மறந்துட்டாங்களோன்னு நெனச்சிடக்கூடாதுன்னு…" தொண்டையைச் செருமினார். "இனிமே கேக்கறதுக்கு நான் ஒருத்தன்தான் மேடம். புது மெஷின் வந்துருக்காமே. ஏதாவது…?"

"பரிசீலனைல இருக்குங்க" என்றாள். வழக்கமாகச் சொல்லும் வார்த்தைதான். இந்தத் தடவை சொல்லிவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள்.

ஆய்வகத் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். தம்பிக்குத்தான் எச்சிலக்காவும் மேடம். அவரிடமே போய்ச் சொன்னாள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"நீ சொன்னது எதுவும் என் காதுல விழல. விழுந்தா உன்னை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பணும். அப்பாகிட்ட பொய் சொல்லி எடுத்திருக்க, அதை நம்ம மெஷின்ல ஓட்டியிருக்க."

"தெரியும் மேடம்."

"ஊழியர் பட்டியலை நான் தொட மாட்டேன். ஒரு தடவை தொட்டா, நாளைக்கு ஒருத்தனும் எச்சில் குடுக்க மாட்டான். நீ உன்னோடதை மட்டுமா குடுத்த? உங்கம்மாவோடதையும் சேத்துக் குடுத்துருக்க. அவங்களைக் கேட்டியா?"

"செத்துட்டாங்க."

"அதான் சொல்றேன்." மேடம் குரலைத் தணித்தார். "உனக்குச் சொல்லணும்னு இருந்தா ஸ்டேஷனுக்குப் போ. நீயா போய் புதுசா ஒரு சாம்பிள் குடு. அதை யாரும் தடுக்க முடியாது. ஆனா அங்க முதல் கேள்வி என்னவா இருக்கும்?"

"உங்கப்பா யாருன்னு."

"அதுக்கு நீ என்ன சொல்வ? உனக்குத் தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆள் வீட்டுல அடுப்பைக் கழட்டிட்டு இருக்காரு. அவர்கிட்ட கேக்கத் துணிச்சல் இருக்கா?"

இல்லை. அதுதான் பிரச்சினை. அவருக்கே தெரியாமல் இருந்தால்? மனைவியைப் பறிகொடுத்தவரிடம் போய், மகளும் உங்களுடையது இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

*

சாயங்காலம் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

"அப்பா, போன வாரம் எடுத்தேனே…"

"வந்துருச்சா?" கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பால் பொங்கிவிட்டதா என்று கேட்கும் குரலிலேயே கேட்டார். "நான் உன் அப்பா இல்லைன்னு போட்டிருக்கா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"நீ ஒரு வாரமா என்னை உத்து உத்துப் பாத்தியே, அப்பவே புரிஞ்சிருச்சு. ஜாடை தேடறேன்னு நெனச்சேன். அப்புறம் குச்சியைத் தூக்கிட்டு வந்து நின்ன. சொல்லணும் சொல்லணும்னு நாப்பது வருஷமா வாய் வரல. சரி, மெஷினாவது சொல்லட்டும்னு வாயத் தொறந்தேன்."

"நான் அதுக்கு எடுக்கலப்பா."

"பின்ன?"

சொன்னாள். நர்ஸ், நகம், இருபது வரிசை, எல்லாவற்றையும். கண்ணாடி துடைக்கும் துணி அவர் கையில் நின்றது.

"நான் ஒரு பொண்ணைக் கொன்னுருப்பேன்னு நெனச்ச."

"ஆமாப்பா."

"எத்தனை நாளு?"

"ஒம்போது நாள்."

"கரப்பான்பூச்சி அடிக்கக்கூட உன்னைத்தானே கூப்பிடுவேன்." சிரிக்கப் பார்த்தார், வாய் பாதியில் கோணிக்கொண்டது. "குழம்புல ஒம்போது நாளா உப்பு இல்ல. வயசானவனுக்கு பி.பி. ஏறக்கூடாதுன்னு அக்கறைல போடலன்னு நெனச்சேன்."

அவள் அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் கை அவள் தலைமேல் வரவில்லை. காற்றில் கொஞ்சம் நின்றது, பிறகு வந்தது. அந்த இடைவெளியை அவள் கணக்கில் வைத்துக்கொண்டாள். அது அவளுக்குச் சேர வேண்டியதுதான்.

"உங்கம்மா அப்ப ஆஸ்பத்திரி துணி வெளுக்கற எடத்துல வேலை பாத்தா. அங்க பாய்லர் பாக்கப் போனேன். அழுதுட்டு இருந்தா. நீ வயித்துல மூணு மாசம். கட்டிக்கறேன்னேன். யாருன்னு மட்டும் கேக்கக்கூடாதுன்னா. கேக்கல. சாகற வரைக்கும் கேக்கல."

"அப்ப உங்களுக்கும் தெரியாதா?"

"பேரு தெரியாது." துணியை நான்காக மடித்தார். "ஒரு தெரு இருக்கு. ஆஸ்பத்திரி பின்னாடி, தண்ணித்தொட்டி இருக்கற தெரு. அங்கேருந்து எவ்வளவு பெரிய வேலை வந்தாலும் போகக்கூடாதும்பா. ஏன்னு சொல்ல மாட்டா. ஒருநாள் தெரியாம போயிட்டு வந்து சொன்னேன். என் சட்டையைக் கழட்டச் சொல்லி மூணு தடவை துவைச்சா. நான் பாத்துக்கிட்டே நின்னேன்."

ஃப்ரிட்ஜ் முனகி ஓய்ந்தது.

"சொன்னா அம்மா பேரு ஃபைல்ல ஏறும்ப்பா. உங்க பேரும் ஏறும்."

"ஏறட்டும். யாருன்னு கேக்க மாட்டேன்னுதான் அவளுக்குச் சத்தியம் பண்ணேன். தெருவைச் சொல்ல மாட்டேன்னு பண்ணல." எழுந்து சட்டையைத் தேடினார். "அவ கேட்டா கோவிச்சுக்குவா. அதை நான் பாத்துக்கறேன். வா, ஸ்டேஷன் பூட்டிருவாங்க."

"ஸ்டேஷன்லாம் பூட்ட மாட்டாங்கப்பா."

"எல்லாம் எனக்கும் தெரியும். வா."

*

அதன்பின் வழக்கு அவள் கையைவிட்டுப் போனது. அந்த உறையை அவள் தொடவே கூடாது என்று மேடம் எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்து, 'கவனக்குறைவு' என்று காரணம் போட்டார். அந்த அம்மாளின் அகராதியில் அது செல்லமான வார்த்தை.

தண்ணீர்த்தொட்டித் தெருவில் அப்போது குடியிருந்தவர்களில் ஒருவன் மருத்துவமனையில் எலக்ட்ரீஷியன். நர்ஸ் செத்த வருடமும் அங்கேதான் வேலை. ஆள் போன வருடம் இறந்து, எரித்தும் ஆகிவிட்டது. இனி உறுதி செய்ய வேண்டுமானால் அவன் வீட்டில் வளர்ந்த பிள்ளையின் எச்சில் வேண்டும். இன்ஸ்பெக்டர் இதை எச்சிலக்காவிடம் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டு, "சொல்லலன்னு வெச்சுக்கங்க" என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தாழ்வாரத்துப் பெஞ்சில் மடியில் ஹெல்மெட்டோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். எச்சிலக்கா கோப்புகளோடு கடந்து போனவள் நின்றுவிட்டாள். தினமும் பல் துலக்கும்போது கண்ணாடியில் பார்க்கும் மேலுதடு அங்கே உட்கார்ந்திருந்தது.

"அக்கா, இங்கதானே சாம்பிள் எடுப்பாங்க? வலிக்குமா?"

"வலிக்காதும்மா. பஞ்சுதான்."

"ஏதோ பழைய ஃபைலை மூடணுமாம். அப்பா சம்பந்தமா. குடும்பத்துல ஒருத்தர் வந்தா போதும்னாங்க. லீவு போட்டுட்டு வந்தேன்." நெற்றியைச் சுருக்கினாள். "நாம எங்கயாவது பாத்துருக்கோமா?"

"இல்லைம்மா."

"அப்பா இருந்தா அவரே வந்துருப்பாரு. எதுக்கும் முன்னாடி நிக்கற மனுஷன். எங்க தெருவுல யார் வீட்டுல கரண்ட் போனாலும் ஓடுவாரு."

எச்சிலக்கா கோப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பேசாமல் போய்விட்டால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தம்பியின் அடுத்த அழைப்புக்கு வேறு பதில் இருக்கும். பேசினால் இவள் எழுந்து வீட்டுக்குப் போய்விடக்கூடும். செத்தவனைப் பிடித்து வந்து வாயைத் திறக்கச் சொல்ல யாராலும் முடியாது. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்த இன்னொருவர் ஞாபகத்துக்கு வந்தார்.

"உள்ள போனதும் எதுக்குன்னு கேளுங்க" என்றாள். "முழுசா சொல்ற வரைக்கும் வாயத் திறக்காதீங்க. வேண்டாம்னு சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கு."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "ஏன்க்கா? என்ன விஷயம்? உங்களுக்குத் தெரியுமா?"

"கேளும்மா. நான் சொல்லக்கூடாது."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவள் ஹெல்மெட்டை மறந்து பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. இன்ஸ்பெக்டரின் குரல் கொஞ்சம் தமாஷாகத் தொடங்கியது, நின்றது, வேறு தொனியில் நீளமாகப் போனது. பிறகு அவள் குரல்: "எங்கப்பாவா?"

அதன்பின் எதுவும் கேட்கவில்லை. நாற்காலி நகரவில்லை. எச்சிலக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். எழுந்து வந்துவிடு என்று ஒரு மனம். வந்துவிடாதே என்று ஒரு மனம். இரண்டில் எது தன்னுடையது என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

குச்சியின் உறை கிழிபடும் சத்தம் ரொம்பச் சின்னது. பதினேழு வருடம் கேட்ட காதுக்கு அது தப்பவில்லை.

"எடுத்துக்கங்க" என்றது அந்தக் குரல், கம்மிப்போய். "ரிசல்ட் வந்தா முதல்ல எனக்குச் சொல்லணும். எங்கம்மாகிட்ட நான்தான் சொல்லணும்."

எச்சிலக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். பலகையில் இன்னும் சூடு இருந்தது. ஹெல்மெட் கீழே உருளப் பார்த்ததால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே பஞ்சு கிருமி நீக்கிய குழாய்க்குள் போயிருக்கும், மூடி திருகியிருப்பார்கள், இன்னும் ஒரு கையெழுத்துதான் பாக்கி. கதவு திறப்பதற்குள் எழுந்து போய்விடலாம். நேரம் இருந்தது. கைப்பிடி அசைந்தபோதும் அவள் அதே இடத்தில், ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.